விடை எழுதப்படாத கணக்கு: மெக்கானிக்கல் முதுநிலைப் படிப்பு யாருக்கு, எதற்கு?

பல கல்லூரிகளில் எம்.இ. இடங்கள் காலியாகக் கிடக்கின்றன. அதே நேரத்தில் பாய்லர் முதல் ராக்கெட் வரை, செயற்கை மூட்டு முதல் செப்டிக் டேங்க் வரை, ஆளுக்காகக் காத்திருக்கும் இயந்திரவியல் கேள்விகள் குவிந்து கிடக்கின்றன. இரண்டையும் இணைப்பது எப்படி?

செப்டிக் டேங்கில் மேலாக நிற்கும் நீரை லாரியின் குழாய் எளிதாக உறிஞ்சிவிடும். அடியில் ஆண்டுக்கணக்கில் படிந்து இறுகிய கசடு அசையாது. அதைக் கிளறிவிடத்தான் மனிதர்களை உள்ளே இறக்குகிறார்கள். உள்ளே ஹைட்ரஜன் சல்பைடு தேங்கியிருந்தால் சில மூச்சுகளிலேயே நினைவு தப்பும். காப்பாற்ற இறங்குகிறவரும் கூடவே சாவார். கையால் மலம் அள்ளும் வேலைக்கு ஆள் வைப்பதைத் தடை செய்யும் சட்டம் 2013-ல் வந்தது. சாவுகள் நிற்கவில்லை.

இது சாதியின் கொடுமை, சட்டத்தின் தோல்வி. இதற்குள் ஒரு மெக்கானிக்கல் கணக்கும் இருக்கிறது. டேங்கின் வாய் குறுகலானது, உள்ளே இடம் அகலமானது. மடங்கிய நிலையில் இறங்கி உள்ளே விரியும் பிளேடுகள் வேண்டும். கல்லாக இறுகிய கசட்டை அவை உடைத்து, நீரோடு கலந்து, குழாய் உறிஞ்சும் அளவுக்குக் குழம்பாக்க வேண்டும். எவ்வளவு முறுக்குவிசை, என்ன வேகம், எந்தப் பொருள் அரிக்காமல் தாங்கும், சந்துக்குள் தள்ளிக்கொண்டு போகும் அளவுக்கு எடையை எப்படிக் குறைப்பது?

இந்தக் கணக்கைச் சென்னை ஐ.ஐ.டி.யில் ஒரு மாணவர் தன் முதுநிலை இறுதியாண்டு பிராஜெக்டாக எடுத்துக்கொண்டார். மெக்கானிக்கல் துறைப் பேராசிரியர் பிரபு ராஜகோபால் வழிகாட்டினார். 'ஹோமோசெப்' என்ற இயந்திரம் அப்படித்தான் பிறந்தது. சோலினாஸ் என்ற இளம் நிறுவனமும், கையால் மலம் அள்ளும் வழக்கத்தை ஒழிக்கப் போராடும் சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் அமைப்பும் கைகோத்தன. இந்த வேலையில் கணவரைப் பறிகொடுத்த பெண்கள் முன்னின்று நடத்தும் சுய உதவிக் குழுக்களிடம் 2022-ல் தமிழ்நாட்டில் இயந்திரங்கள் ஒப்படைக்கப்பட்டன.

மெக்கானிக்கலில் எம்.இ. படித்து என்ன ஆகப்போகிறது என்று வீடுதோறும் கேட்கப்படும் இந்தக் காலத்தில், முதலில் சொல்லவேண்டிய பதில் இதுதான். ஒரு நல்ல கேள்வியைப் பிடித்துக்கொண்டால் அந்த 2 ஆண்டுகள் ஓர் உயிரைக் காக்கும் இயந்திரமாக முடியலாம். கேள்வியே இல்லாமல் உள்ளே போனால், பி.இ. பட்டத்தோடு இன்னொரு தாள் சேரும். அவ்வளவுதான்.

பெருகியதும் வற்றியதும்

கிண்டியில் 1794-ல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கல்லூரியில் மெக்கானிக்கல் பிரிவு வந்தது 1894-ல். கோவை ஜி.சி.டி. 1945, பி.எஸ்.ஜி. 1951, காரைக்குடி அழகப்பா 1952, மதுரை தியாகராசர் 1957, சென்னை ஐ.ஐ.டி. 1959, திருச்சி ஆர்.இ.சி. 1964 என்று வரிசையாகக் கல்லூரிகள் எழுந்தன. ஆலைகளும் கூடவே வளர்ந்தன. முதுநிலைப் படிப்பு வெகுகாலம் சில கல்லூரிகளுக்குள் மட்டும் இருந்தது. சேர்ந்தவர்கள் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்துக்கோ ஆசிரியர் பணிக்கோ போக முடிவெடுத்தவர்கள்.

தனியார் பொறியியல் கல்லூரிகள் பெருகியபோது நிலைமை மாறியது. கல்லூரிக்கு ஆசிரியர் வேண்டும், ஆசிரியருக்கு எம்.இ. வேண்டும். ஆகவே கல்லூரிகள் தாங்களே எம்.இ. வகுப்புகளைத் தொடங்கின. பி.இ. முடித்து வேலை கிடைக்காதவர் அதே வளாகத்தில் எம்.இ. சேர்ந்தார், முடித்ததும் அதே வளாகத்தில் பாடம் நடத்தப் போனார். பட்டம் வகுப்பறையை விட்டு வெளியே வரவே இல்லை. ஒர்க்‌ஷாப்பில் நின்ற அனுபவமோ, ஓர் ஆய்வை முழுமையாக முடித்த அனுபவமோ இல்லாத இளைஞர், தன்னைவிட நான்கைந்து வயது இளையவர்களுக்கு டிசைன் பாடம் எடுத்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவருக்கு வேறு வழி வைக்கப்படவில்லை.

பிறகு மாணவர் கூட்டம் கம்ப்யூட்டர் சயின்ஸ் பக்கம் சாய்ந்தது. பி.இ. மெக்கானிக்கல் வகுப்புகள் சுருங்கின, ஆசிரியர் தேவை சுருங்கியது, எம்.இ. வகுப்புகள் வெறிச்சோடின. இடங்கள் காலியாக இருப்பதற்குக் காரணம் துறை செத்துப்போனது அல்ல. ஆசிரியர் தகுதிக்கான சீட்டாக மட்டும் ஒரு படிப்பை நடத்தினால், அந்தத் தேவை தீர்ந்த அன்றே அது காலியாகும்.

பி.இ. முடிகிற இடத்தில்

முதுநிலையில் உண்மையில் என்ன புதிதாகக் கற்கிறோம்? திருச்சியை வைத்தே பார்க்கலாம். பெல் ஆலையும் அதைச் சுற்றியுள்ள ஃபேப்ரிகேஷன் பட்டறைகளும் பாய்லர் குழாய்களோடு வாழ்கிற ஊர் அது. உயர் அழுத்த நீராவி ஓடும் குழாய்க்கு எவ்வளவு தடிமன் வேண்டும் என்று பி.இ. மாணவரைக் கேட்டால் உடனே சொல்வார். அழுத்தத்தை விட்டத்தால் பெருக்கி, தடிமனின் இரு மடங்கால் வகுத்தால் சுவரில் விழும் தகைவு வரும். பொருளின் வலிமையோடு ஒப்பிட்டு, பாதுகாப்புக் காரணியைச் சேர்த்தால் கணக்கு முடிந்தது.

உண்மையான குழாயின் கதை அங்கேதான் தொடங்குகிறது. 500 டிகிரிக்கு மேல் சூடான எஃகு, உடையும் அளவுக்கு இழுக்கப்படாவிட்டாலும் மெல்ல மெல்ல நீண்டுகொண்டே இருக்கும். க்ரீப் என்பது அதுதான். ஆயிரம் மணி நேரத்தில் ஒன்றும் தெரியாது, லட்சம் மணி நேரத்தில் குழாய் வெடிக்கும். வெல்டிங் செய்த இடமோ இன்னும் சிக்கலானது. 9 சதவீதக் குரோமியம் கலந்த எஃகுக் குழாயில், பற்றவைப்பு நல்ல நிலையில் இருக்கும்போதே, அதை ஒட்டிய வெப்பம் பாதித்த மெல்லிய பட்டையில் விரிசல் விழும். ஏன் அங்கே? இன்னும் எத்தனை ஆண்டு ஓட்டலாம்? ஆலையை நிறுத்தினால் மின்சாரம் போகும், நிறுத்தாவிட்டால் உயிர் போகும். பாடப்புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இதற்கு விடை கிடையாது. உலோகவியல், வெப்பவியல், தகைவுப் பகுப்பாய்வு மூன்றையும் ஒரே மேசையில் வைத்து யோசிக்க வேண்டும். முதுநிலை மாணவர் அந்த மேசையில்தான் உட்காருகிறார்.

விரிசல் பற்றிய அறிவே அப்படிப்பட்ட மேசைகளிலிருந்து வந்ததுதான். பொருள் ஏன் கணக்குக்கு முன்பே உடைகிறது என்று கண்ணாடி இழைகளை உடைத்துப் பார்த்து கிரிஃபித் 1921-ல் எழுதினார். 1954-ல் ஆங்கிலேயரின் காமெட் ஜெட் விமானங்கள் இரண்டு அடுத்தடுத்து வானிலேயே சிதறின. ஒரு காமெட்டின் உடலைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்துத் திரும்பத் திரும்ப அழுத்தம் ஏற்றி இறக்கிப் பார்த்தபோது, வெட்டுத் துளைகளின் மூலையிலிருந்து களைப்பு விரிசல் வளர்வது தெரிந்தது. விரிசலே இல்லாத பொருளை எதிர்பார்க்க முடியாது, விரிசல் எவ்வளவு வேகமாக வளரும் என்று அறிந்தால் போதும் என்ற பார்வை அதன்பின் வலுத்தது. அந்த வேகத்துக்கு ஓர் எளிய விதி உண்டு என்று பால் பாரிஸும் சக ஆய்வாளர்களும் எழுதிய கட்டுரையை முன்னணி ஆய்விதழ்கள் ஏற்க மறுத்தன. 1961-ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் இதழ் ஒன்றில் அது வெளிவந்தது. பாரிஸ் லீஹை பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றது அதற்கடுத்த ஆண்டுதான். இன்று விமானங்களை எப்போது சோதனைக்கு இறக்க வேண்டும் என்று கணக்கிடும் இடத்திலெல்லாம் பாரிஸ் விதி இருக்கிறது. அதைக் கண்டுபிடித்தபோது அவர் படித்துக்கொண்டிருந்த ஒருவர்தான்.

மென்பொருளும் இப்படித்தான். அன்சிஸில் ஒரு பாகத்தைப் போட்டு, மெஷ் செய்து, சிவப்பும் நீலமுமாகப் படம் எடுப்பதை ஒரு வாரப் பயிற்சியிலேயே கற்றுக்கொள்ளலாம். மெஷ்ஷை இரு மடங்கு நுணுக்கமாக்கினால் விடை மாறுகிறதா? பாகத்தை எங்கே பிடித்துக் கட்டினோம், அது நிஜத்தில் அப்படித்தான் நிற்கிறதா? ஸ்ட்ரெயின் கேஜ் ஒட்டி அளந்தால் அதே எண் வருகிறதா? இந்த மூன்றுக்கும் பதில் சொல்லத் தெரிந்தவரே முதுநிலை படித்தவர். வண்ணப் படத்தை நம்பாமல் சந்தேகப்படக் கற்பதுதான் அந்தப் படிப்பு தரும் பயிற்சி.

டிப்ளமோவில் தொடங்கி விண்வெளி வரை

2023 ஜூலை 14-ல் எல்.வி.எம்.3 ராக்கெட் சந்திரயான்-3ஐச் சுமந்து எழுந்தது. ஆகஸ்ட் 23-ல் நிலவின் தென்துருவப் பகுதிக்கு அருகே தரையிறங்கிய அந்தக் கலத்தின் திட்ட இயக்குநர் விழுப்புரத்தைச் சேர்ந்த வீரமுத்துவேல். அந்த ராக்கெட்டின் உச்சியில் எரிந்த சி25 கிரையோஜெனிக் அடுக்கு உருவானபோது அதற்குத் திட்ட இயக்குநராக இருந்தவர், 2025 ஜனவரியில் இஸ்ரோவின் தலைவரான குமரி மாவட்டத்து வி.நாராயணன். இருவரும் மெக்கானிக்கல் டிப்ளமோவில் தொடங்கியவர்கள். இருவரும் முதுநிலை வழியாக ஆழத்துக்குப் போனவர்கள்.

வீரமுத்துவேல் டிப்ளமோவுக்குப் பிறகு சென்னையில் ஒரு தனியார் கல்லூரியில் பி.இ., திருச்சியில் முதுநிலை என்று படித்தார். கோவையில் நூற்பு இயந்திரங்கள் செய்யும் எல்.எம்.டபிள்யூ. நிறுவனத்தில் வேலை பார்த்தார். எச்.ஏ.எல்.லில் ஹெலிகாப்டர் பிரிவில் பணிபுரிந்தார். இஸ்ரோவுக்குப் போன பிறகு சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் பெற்றார். ஆய்வுப் பொருள், செயற்கைக்கோளில் இருக்கும் மின்னணுப் பெட்டிகளின் அதிர்வை அடக்குவது. ராக்கெட் கிளம்பும்போது ஏற்படும் குலுக்கலில் ஒரு சர்க்யூட் பலகை விரிசல் விட்டால் கோடிக்கணக்கான ரூபாயும் பல ஆண்டு உழைப்பும் போச்சு. வைப்ரேஷன் என்ற பெயரில் பி.இ.யில் ஒரு பருவம் வந்துபோகும் பாடம்தான் அது.

நாராயணன் டிப்ளமோ முடித்து 1984-ல் இஸ்ரோவில் சேர்ந்தார். வேலை பார்த்துக்கொண்டே ஏ.எம்.ஐ.இ. முடித்தார். காரக்பூர் ஐ.ஐ.டி.யில் கிரையோஜெனிக் பொறியியலில் எம்.டெக். படித்து 1989-ல் முதலிடத்தில் தேறினார். கிரையோஜெனிக் என்றால் கடுங்குளிரின் பொறியியல். திரவ ஹைட்ரஜனின் வெப்பநிலை மைனஸ் 253 டிகிரி, திரவ ஆக்சிஜனுடையது மைனஸ் 183. அவற்றைத் தாங்கும் பம்புகளும் வால்வுகளும் ஒரு பக்கம், சில அடி தூரத்தில் 3,000 டிகிரியை ஒட்டிய எரிப்பு அறை மறுபக்கம். எந்தப் பொருள் எவ்வளவு சுருங்கும், எந்த சீல் கசியும், எந்த பேரிங் நிற்கும் என்று ஒவ்வொன்றையும் நாமே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ஏனென்றால் ரஷ்யாவிடமிருந்து அந்தத் தொழில்நுட்பத்தைப் பெற இந்தியா செய்த ஒப்பந்தம், அமெரிக்க எதிர்ப்பால் 1993-ல் வெறும் இயந்திரங்களை வாங்குவதோடு சுருங்கிப்போனது.

2010 ஏப்ரலில் இந்தியக் கிரையோ இயந்திரத்தோடு பறந்த முதல் ஜி.எஸ்.எல்.வி. தோற்றது. 2014 ஜனவரி 5-ல் வென்றது. 2017 ஜூனில் சி25 அடுக்கோடு பெரிய ராக்கெட் முதன்முதலாக விண்ணுக்குப் போனது. நாராயணன் எம்.டெக். பட்டம் வாங்கியதற்கும் இந்த வெற்றிகளுக்கும் நடுவே கால் நூற்றாண்டு ஓடியிருக்கிறது. வளாக நேர்காணலில் கிடைக்கும் முதல் சம்பளத்தை வைத்து முதுநிலைப் படிப்பை எடைபோடுகிறவர்கள் இந்த இடைவெளியை நினைத்துப் பார்க்க வேண்டும். ஆழமாகக் கற்ற ஒன்று நாட்டுக்குத் தேவைப்படும் நாள் பிந்தி வரலாம். அந்த நாளில் கற்றவர் தயாராக இருந்தாக வேண்டும்.

எந்தப் பிரிவு, எங்கே போகிறது?

டிசைன், தெர்மல், மானுஃபேக்சரிங் என்பவை மூன்று பெரிய கிளைகள். எது எளிது, எதில் மதிப்பெண் வரும் என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பவர்கள் அதிகம். ஒவ்வொன்றும் இன்று எங்கே நிற்கிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பதே நல்லது.

டிசைன் என்றதும் கியரும் ஷாஃப்ட்டும்தான் நினைவுக்கு வரும். சென்னை ஐ.ஐ.டி. மெக்கானிக்கல் துறைப் பேராசிரியர் சுஜாதா சீனிவாசன் வழிநடத்தும் ஆர்2டி2 மையம் மாற்றுத்திறனாளிகளுக்கான கருவிகளைச் செய்கிறது. எழுந்து நிற்க உதவும் சக்கர நாற்காலி, வெளியே ஓட்டிப்போகும் மோட்டார் இணைப்பு, 2022-ல் வெளியான 'கதம்' செயற்கை முழங்கால் எல்லாம் அங்கிருந்து வந்தவை. இத்தகைய பல அச்சு முழங்கால்களுக்கு அடிப்படை, கைனமேடிக்ஸ் வகுப்பில் எல்லோரும் வரையும் நான்கு இணைப்பு அமைப்புதான். தேர்வுக்காக வரைந்தால் மதிப்பெண். காலை இழந்தவருக்காக வரைந்தால் அவர் மேடு பள்ளத்தில் விழாமல் நடக்கிறார்.

தெர்மல் பிரிவில் பெரிய திருப்பம் நடக்கிறது. கிண்டியில் உள்தகன எஞ்சினுக்கென்றே எம்.இ. பிரிவு உண்டு. பெட்ரோல், டீசல் வண்டிகளுக்கு 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்தது. அதற்குள் மின்சார வண்டிகளும் சாலைக்கு வந்துவிட்டன. எஞ்சின் படித்தவர்களுக்கு இனி வேலையில்லை என்று சிலர் பயப்படுகிறார்கள். லித்தியம் பேட்டரியைக் கத்திரி வெயிலில் சூடேறாமல் வைத்திருப்பது முழுக்க வெப்பப் பரிமாற்றக் கணக்கு. ஒரு செல் தீப்பிடித்தால் பக்கத்துச் செல்லுக்குப் பரவாமல் தடுப்பதும் அதே கணக்குத்தான். ஹைட்ரஜனை எஞ்சினில் எரிப்பது, கணினி மையங்களைக் குளிர்விப்பது, கல்பாக்கத்தில் 550 டிகிரியை ஒட்டிய திரவ சோடியத்தைக் கையாள்வது என எல்லாமே தெர்மல்காரர்களின் வேலை. எரிபொருள் மாறும். வெப்ப இயக்கவியலின் விதிகள் மாறப்போவதில்லை.

மானுஃபேக்சரிங் மாணவர்களுக்கு 2024 மே 30 நினைவிருக்க வேண்டிய நாள். சென்னை ஐ.ஐ.டி.யில் அடைகாக்கப்பட்ட அக்னிகுல் நிறுவனத்தின் ராக்கெட் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அன்று சோதனையாகப் பறந்தது. அதன் எஞ்சின் முப்பரிமாண அச்சில் ஒரே துண்டாக உருவாக்கப்பட்டது. உலோகத் தூளை லேசரால் உருக்கி அடுக்கடுக்காக ஏற்றும்போது உள்ளே நுண்துளை விழாமல் பார்ப்பது, எஞ்சிய தகைவைக் குறைப்பது, செய்த பாகம் சரிதானா என்று உடைக்காமல் சோதிப்பது என்று ஒவ்வொன்றும் ஓர் ஆய்வேடு கேட்கும் கேள்வி.

உள்ளே போகும் வாசல்கள்

பெரிய வாசல் கேட் தேர்வு. ஐ.ஐ.எஸ்சி.யும் 7 ஐ.ஐ.டி.க்களும் சேர்ந்து ஆண்டுதோறும் பிப்ரவரியில் நடத்துகின்றன. 3 மணி நேரம், 65 கேள்விகள், 100 மதிப்பெண். இதில் 15 பொதுத்திறனுக்கு, 13 கணிதத்துக்கு, மீதி 72 மெக்கானிக்கல் பாடங்களுக்கு. மூன்றாம் ஆண்டு மாணவர்களும் எழுதலாம். ஸ்கோர் 3 ஆண்டுகள் செல்லும். ஐ.ஐ.டி., என்.ஐ.டி. சேர்க்கை மட்டுமல்ல, சில பொதுத்துறை நிறுவனங்களின் வேலைக்கும் இதே ஸ்கோர்தான். கேட் தகுதியோடு எம்.டெக். சேர்கிறவர்களுக்கு உதவித்தொகை உண்டு. பல ஆண்டுகளாக அது மாதம் 12,400 ரூபாய் என்ற அளவிலேயே இருந்துவந்தது. விலைவாசி ஏறியதற்கு ஏற்ப அது ஏறவில்லை. நல்ல மாணவர்கள் முதுநிலைக்கு வர வேண்டும் என்று அரசு நினைத்தால் முதலில் தொடவேண்டிய இடம் இதுதான்.

அண்ணா பல்கலைக்கழகத்திலும் தமிழகத்தின் மற்ற கல்லூரிகளிலும் எம்.இ. சேர கேட் ஸ்கோர் இல்லாதவர்களுக்கு சீட்டா-பிஜி தேர்வு இருக்கிறது. முன்பு டான்செட் இருந்த இடத்தில் 2023 முதல் இது வந்திருக்கிறது.

அதிகம் பேர் அறியாத வாசல், சென்னை ஐ.ஐ.டி.யின் ஆராய்ச்சி வழி எம்.எஸ். படிப்பு. இதில் பாடங்கள் குறைவு, ஆய்வு அதிகம். எழுத்துத் தேர்வும் நேர்காணலும் நடத்தி எடுக்கிறார்கள். 2 ஆண்டுக்குள் முடிவது அரிது. ஆனால் ஆராய்ச்சி தனக்கு ஒத்துவருமா என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி இல்லை. இதற்கு அப்பால் முனைவர் பட்டம் வரை போகிறவர்களுக்கு ஜே.ஆர்.எஃப். தொகை 2023-ல் மாதம் 37,000 ரூபாயாக உயர்ந்தது.

வெளிநாட்டை நோக்குகிறவர்களுக்கு ஒரு சொல். ஜெர்மனியின் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை என்பது உண்மை. ஆனால் பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோரிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்காலப் பருவம் முதல் கட்டணம் விதிக்கிறது. அமெரிக்காவில் விண்வெளி, ராணுவத் தொழில்நுட்ப வேலைகள் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டங்களால் வெளிநாட்டவருக்குப் பெரும்பாலும் மூடியே இருக்கின்றன. வீட்டை அடகு வைத்துக் கடன் வாங்கும் முன் இவற்றை விசாரிக்க வேண்டும்.

கைடுதான் கல்லூரி

எம்.இ.யின் உயிர் இரண்டாம் ஆண்டில் இருக்கிறது. மூன்றாம் பருவத்தில் பிராஜெக்ட் பேஸ் 1, நான்காம் பருவத்தில் பேஸ் 2. இடையில் ரிவ்யூக்கள், கடைசியில் தீசிஸ், வைவா. இந்த ஓராண்டு நன்றாக நடந்தால் படிப்பு பலித்தது. சடங்காக நடந்தால் எல்லாம் வீண்.

பல இடங்களில் அது சடங்காகத்தான் நடக்கிறது என்பதை வேதனையோடு சொல்ல வேண்டியிருக்கிறது. கல்லூரிகளைச் சுற்றி 'பிராஜெக்ட் சென்டர்'கள் முளைத்திருக்கின்றன. காசு கொடுத்தால் தலைப்பும் கிடைக்கும், அறிக்கையும் கிடைக்கும். இயந்திரத்தைத் தொடாமலேயே ஆய்வு முடிந்துவிடும். கட்டணம் வாங்கிக்கொண்டு எதையும் வெளியிடும் இதழ்களில் கட்டுரையும் வந்துவிடும். இதில் ஏமாறுவது மாணவர்தான். அவருடைய வாழ்வில் ஒரே ஒரு முறை கிடைக்கும் ஓராண்டு, தன் கையால் ஒன்றைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு, அப்படியே பறிபோகிறது.

இதற்கு மருந்து ஒன்றுதான். கல்லூரியின் பெயரைப் பார்ப்பதோடு நிற்காமல் கைடைப் பார்த்துச் சேர வேண்டும். எத்தனை பெரிய வளாகமாக இருந்தாலும், அங்கே உங்களோடு வாரத்துக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசும் ஆசிரியர் இல்லையென்றால் அது உங்களுக்குச் சிறிய இடம். பெயரில்லாத ஊரில், ஒரே ஒரு சோதனை அமைப்பை வைத்துக்கொண்டு பத்தாண்டு காலமாக ஒரே பிரச்சினையைத் துரத்தும் ஆசிரியர் இருந்தால், அது உங்களுக்குப் பெரிய இடம்.

*சேர்வதற்கு முன் கேட்க வேண்டியவை*

• கடந்த சில ஆண்டுகளில் இந்த ஆசிரியரிடம் படித்தவர்களின் தீசிஸ்கள் நூலகத்தில் இருக்கின்றனவா? இரண்டையாவது புரட்டிப் பார்த்தீர்களா?

• லேபில் உள்ள கருவிகள் ஓடுகின்றனவா, உறை போட்டு மூடியிருக்கின்றனவா? மாணவர்களே அவற்றை இயக்க முடியுமா?

• ஒரு கைடிடம் எத்தனை மாணவர்கள்? சீனியர்களைத் தனியாகச் சந்தித்துப் பேசினீர்களா?

• உள்ளூர்த் தொழிற்சாலைகளோடு அந்தத் துறைக்குத் தொடர்பு உண்டா? பிராஜெக்டை ஆலையிலேயே செய்ய அனுமதி கிடைக்குமா?

• கடைசியாக, உங்களிடமே ஒன்று: எந்த இயந்திரத்தைப் பற்றி, எந்தப் பொருளைப் பற்றி நீங்கள் இன்னும் தெரிந்துகொள்ளத் துடிக்கிறீர்கள்?

பணமும் காலமும்

பி.இ. முடித்ததும் ஐ.டி. நிறுவனத்தில் சேரும் நண்பன் மாதச் சம்பளம் வாங்குவான். எம்.இ. சேர்ந்தவர் உதவித்தொகைக்குக் காத்திருப்பார். வீட்டில் தங்கையின் படிப்பு, அப்பாவின் கடன் என்று நூறு தேவைகள் இருக்கும். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளைகளுக்கு 2 ஆண்டு என்பது சாதாரணக் காலம் இல்லை. அவர்களிடம் போய் ஆழம், ஆய்வு என்று மட்டும் பேசுவது நியாயமாகாது.

அவர்களுக்கு இரண்டு வழிகளைச் சொல்லலாம். ஒன்று, முதலில் வேலை, பிறகு படிப்பு. இரண்டு மூன்று ஆண்டு ஷாப் ஃப்ளோரில் நின்றவர் முதுநிலைக்கு வரும்போது கையில் கேள்வியோடு வருகிறார். ஏன் இந்த டை சீக்கிரம் தேய்கிறது, ஏன் இந்தக் காஸ்டிங்கில் மட்டும் துளை விழுகிறது என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். அப்படிப்பட்ட மாணவரைவிட நல்ல மாணவர் கிடையாது. இன்னொன்று, வேலையை விடாமலேயே பகுதி நேர எம்.இ. படிப்பது. நாராயணன் வேலையில் இருந்தபடியே பட்டத்தகுதி பெற்றவர் என்பதை நினைவில் வைக்கலாம்.

வேலை விஷயத்திலும் உண்மையைப் பேசிவிடுவோம். வெறும் எம்.இ. என்ற எழுத்துக்காக எந்த கோர் கம்பெனியும் கூடுதல் சம்பளம் தராது. ஆய்வு, வடிவமைப்புப் பிரிவுகளில் வேலை கொடுப்பவர்கள் கேட்பது தீசிஸைப் பற்றித்தான். என்ன பிரச்சினை, எப்படி அளந்தாய், எங்கே தோற்றாய், ஏன் இந்த விடையை நம்புகிறாய்? இதற்குத் தடுமாறாமல் அரை மணி நேரம் பேசத் தெரிந்தவருக்கு ஸ்ரீபெரும்புதூரிலும் ஓசூரிலும் பெங்களூருவிலும் இடம் இருக்கிறது.

பெண்களுக்கும் இது பொருந்தும். மெக்கானிக்கல் வகுப்பில் மாணவிகள் குறைவு என்பது இளநிலையிலேயே தொடங்கும் பிரச்சினை. எண்ணெய்க் கறையும் பளுவான ஸ்பேனரும்தான் மெக்கானிக்கல் என்ற எண்ணம் பெற்றோரிடம் இன்னும் இருக்கிறது. இன்றைய முதுநிலைப் பணியின் பெரும்பகுதி அளவிடுவதும் கணக்கிடுவதும் சோதிப்பதும்தான். செயற்கை முழங்கால் ஆய்வகத்தை வழிநடத்தும் பேராசிரியர் ஒரு பெண் என்பதை நம் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

ஊரே ஆய்வகம்

கோவையில் செய்யும் பம்பு தமிழ்நாட்டின் வயல்களில் எல்லாம் ஓடுகிறது. விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம் என்பதால் பம்பின் திறன் குறைந்தால் விவசாயியின் பில் ஏறாது. அந்த இழப்பை மாநிலம் சுமக்கிறது. ஆழம் கூடக் கூட மணல் கலந்த தண்ணீர் இம்பெல்லரை அரிக்கிறது, மின் அழுத்தம் ஏறி இறங்கி மோட்டார் சுடுகிறது. மணலைத் தாங்கும், தாழ்ந்த மின் அழுத்தத்திலும் திறன் குறையாத நீர்மூழ்கி பம்பு என்பது ஒரு முதுநிலை வகுப்பு முழுவதுக்கும் போதுமான வேலை. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் நாடெங்கும் போர் போடுகின்றன. பாறையில் அடிக்கும் ஹேமர் பிட் ஏன் தேய்கிறது, எப்படித் தேய்ந்தால் நெடுநாள் உழைக்கும் என்பதைத் தொழிலாளர்கள் அனுபவத்தில் அறிவார்கள். அதை அளந்து எழுதி அடுத்தவருக்குக் கைமாற்றும் வேலை மிச்சமிருக்கிறது. சிவகாசியில் மனிதக் கைகள் வெடிமருந்தைத் தொடாமல் வேலை நடக்க வேண்டும். அதுவும் மெக்கானிக்கல் கணக்குத்தான்.

ஒரு பக்கம் இத்தனை கேள்விகள், மறுபக்கம் இணையத்தில் பழைய தலைப்பு தேடும் மாணவர்கள். இரண்டுக்கும் நடுவே பல ஊர்களில் தூரம் 10 கிலோமீட்டர்கூட இல்லை. தொழில் சங்கங்கள் ஆண்டுதோறும் தங்கள் உறுப்பினர்களின் தீராத பிரச்சினைகளைத் திரட்டிக் கல்லூரிகளுக்குக் கொடுக்கலாம். பட்டறை முதலாளிகள் தங்கள் பாகங்களையும் தோற்ற மாதிரிகளையும் மாணவர்கள் வெட்டிப் பார்க்க அனுமதிக்கலாம். பல்கலைக்கழகங்கள் பேஸ் 1 ரிவ்யூவில் ஆலையிலிருந்து ஒருவரை நடுவராக உட்கார வைக்கலாம். வாங்கிய தீசிஸ் அந்த அறையில் ஐந்து நிமிடம்கூடத் தாங்காது. அரசு உதவித்தொகையை உயர்த்தி, கேட் எழுதாதவர்களும் நல்ல தலைப்போடு வந்தால் கைகொடுக்கலாம். இவை எவற்றுக்கும் புதிய கட்டடம் வேண்டாம், புதிய சட்டமும் வேண்டாம்.

மாணவர்களுக்கு இந்தக் கட்டுரை சொல்வது ஒன்றே. வேலை கிடைக்கும்வரை நேரத்தைக் கடத்த எம்.இ. சேராதீர்கள். உங்கள் ஊரில், உங்கள் கண்முன் சரியாக ஓடாமல் நிற்கும் ஓர் இயந்திரத்தைத் தேடிப் பிடியுங்கள். அது ஏன் ஓடவில்லை என்று தெரிந்தவர்களிடம் கேளுங்கள், அவர்களுக்கும் தெரியவில்லையென்றால் உங்கள் தலைப்பு கிடைத்துவிட்டது. அதைத் தூக்கிக்கொண்டு, அதில் அக்கறை உள்ள ஓர் ஆசிரியரின் கதவைத் தட்டுங்கள். 2 ஆண்டு கழித்து உங்கள் பெயருக்குப் பின்னால் என்ன எழுத்து சேர்ந்திருக்கிறது என்று யாரும் கேட்கப்போவதில்லை. எதைக் கண்டுபிடித்தாய் என்று கேட்பார்கள். அதற்குச் சொல்ல உங்களிடம் ஒரு பதில் இருக்க வேண்டும்.